வழிநூல் மரபும் விளையாட்டாக்கமும்: ‘கோல்டன்ஐ 007’ நிகழ்பட விளையாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு படைப்பு வேறொரு வடிவத்திற்கு மாறும்போது, மூலத்திற்கு அது எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதே மதிப்பீட்டின் அளவுகோலாகப் பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. இவ்வளவுகோல் போதாது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். 1995-இல் வெளிவந்த ‘கோல்டன்ஐ’ என்னும் ஜேம்ஸ் பாண்ட் அதிரடித் திரைப்படத்தைத் தழுவி, 1997-இல் நின்டெண்டோ 64 பொறிக்காக உருவாக்கப்பட்ட ‘கோல்டன்ஐ 007’ விளையாட்டு ஈண்டு ஆய்வுப் பொருளாகிறது. தொல்காப்பிய மரபியல் கூறும் வழிநூல் வகைகள், நன்னூல் கூறும் சார்புநூல், அகத்திணையியலின் முதல், கரு, உரி என்னும் பகுப்பு, மூவிடக் கோட்பாடு ஆகியவை ஆய்வுக் கருவிகளாகின்றன. விவரிப்பு, ஒப்பீடு, பகுப்பாய்வு ஆகிய அணுகுமுறைகள் பின்பற்றப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: வழிநூல், சார்புநூல், விரித்தல், முதற்பொருள், தன்மை, தழுவல், நிகழ்பட விளையாட்டு.

1. முன்னுரை

தழுவல் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. மூலத்தை முதல்நூல் என்றும், அதன்வழி வந்ததை வழிநூல் என்றும் பிரித்த தொல்காப்பியர், வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என நான்காக வகுத்தார். இப்பகுப்பில் கருதத்தக்க ஒரு கூறு உண்டு. நான்கு வகைகளும் வழிநூல் செய்யும் தொழிலின் பெயர்கள். மூலத்தோடு அது கொண்ட ஒப்புமையின் அளவைக் குறிப்பன அல்ல. வழிநூலாசிரியன் என்ன செய்தான் என்று வினவுவது இம்மரபு. எவ்வளவு மாறாமல் வைத்தான் என்று மட்டும் வினவுவது பிற்காலப் பழக்கம்.

புதினம் திரைப்படமாகும்போதும், காப்பியம் நாடகமாகும்போதும் எழும் விவாதங்கள் பெரும்பாலும் இரண்டாம் வினாவிலேயே நின்றுவிடுகின்றன. வீடியோ கேம் என்று வழங்கும் நிகழ்பட விளையாட்டை எடுத்துக்கொண்டால் அவ்வினா உடனே பயனற்றுப் போகிறது. பார்ப்பவர் செயலற்று அமர்ந்திருக்கும் கலையைப் பார்ப்பவரே செயற்படும் கலையாக மாற்றும்போது, மூலத்தை மாறாமல் வைத்தல் இயலாது. எனவே தழுவல் கோட்பாட்டைச் சோதிப்பதற்கு இத்துறை ஏற்ற களமாகிறது. தொல்காப்பியம் நிகழ்பட விளையாட்டை முன்னுணர்ந்தது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. நம் இலக்கணம் வகுத்த கருவிகள் புதிய பொருளிடத்தும் பயன்படுமா என்று சோதிப்பதே நோக்கம்.

2. விளையாட்டின் தோற்றமும் சூழலும்

மார்ட்டின் கேம்பெல் இயக்கி, பியர்ஸ் பிராஸ்னன் முதன்முறையாக ஜேம்ஸ் பாண்டாக நடித்த ‘கோல்டன்ஐ’ திரைப்படம் 1995 நவம்பரில் வெளியாயிற்று. அதனைத் தழுவிய விளையாட்டை இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரிலுள்ள ட்வைகிராஸ் என்னும் ஊரில் இயங்கிய ரேர் நிறுவனம் உருவாக்கியது. பக்கவாட்டில் நகரும் இருபரிமாண விளையாட்டாக அமைப்பது தொடக்கக் கருத்தாக இருந்தது. திட்ட இயக்குநர் மார்ட்டின் ஹாலிஸ், அப்போது உருவாகிக்கொண்டிருந்த புதிய பொறிக்கு ஏற்ப முப்பரிமாண விளையாட்டாக அதனைச் செய்ய முன்மொழிந்தார். குழுவினருள் பெரும்பாலோர்க்கு அதுவே முதல் விளையாட்டுப் பணி. திரைப்படம் வெளியாகி ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழிந்து, 1997 ஆகஸ்டில் விளையாட்டு வெளிவந்தது.

இக்காலத் தாழ்ச்சி கருதத்தக்கது. திரைப்படத் தழுவல் விளையாட்டுகள், படம் பேசப்படும் நாட்களிலேயே கடைக்கு வந்தாக வேண்டும் என்னும் வணிக நெருக்கடியில் உருவாவது வழக்கம். 1982-இல் அட்டாரி 2600 பொறிக்காக வந்த ‘ஈ.டி.’ விளையாட்டு ஏறத்தாழ ஐந்து வாரங்களில் செய்து முடிக்கப்பட்டது. விற்காது தேங்கிய அதன் படிகள் நியூ மெக்சிகோ மாநில அலமகோர்டோவில் குப்பை நிலத்தில் புதைக்கப்பட்டன. 2014-இல் அவை தோண்டி எடுக்கப்பட்டன. ‘கோல்டன்ஐ 007’ படத்தின் நாட்காட்டியிலிருந்து விடுபட்டது. விளம்பரத் துணைப்பொருளாக அமையும் கட்டாயம் நீங்கியதால், அது தனக்கென ஒரு வடிவத்தைத் தேடிக்கொள்ளும் அவகாசம் பெற்றது. எண்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றன. படத்தைப் பாராதவரும் விளையாட்டை அறிந்திருக்கும் நிலை ஏற்பட்டது.

3. தொகுத்தலும் விரித்தலும்

படத்தின் கதை பதினெட்டுக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவற்றுக்குப் புறம்பாக இரு மேலதிகக் கட்டங்கள் உள்ளன. இப்பகுப்பில் தொகுத்தல், விரித்தல் ஆகிய இரு தொழில்களும் ஒருங்கே நிகழ்கின்றன.

தொகுக்கப்பட்டவை உரையாடலும் உறவும் ஆகும். பனிப்போர்க் காலத்தின் எச்சமாகப் பாண்டைக் கண்டு, தலைவி எம் அவரிடம் கடுமையாகப் பேசும் காட்சி படத்தின் கருத்து மையங்களுள் ஒன்று. விளையாட்டில் எம், க்யூ, மணிபென்னி ஆகியோர் ஒவ்வொரு கட்டத்திற்கும் முன்னர் அமையும் பணிக் கோப்பின் எழுத்துப் பக்கங்களாகச் சுருங்குகின்றனர். நண்பனாயிருந்து பகைவனாகிய 006 அலெக் ட்ரெவல்யனின் குடும்ப வரலாறும் மனக்காயமும் பெருமளவு குறைக்கப்பட்டுள்ளன.

விரிக்கப்பட்டது செயல். இதற்கு முதற்கட்டமாகிய ‘அணை’ சிறந்த சான்று. படத்தில் பாண்ட் அணையின் மேல் ஓடிவந்து, காலில் கயிறு கட்டிக் கீழே குதிக்கிறார். சுவிட்சர்லாந்தின் வெர்சாஸ்கா பள்ளத்தாக்கில் உள்ள 220 மீட்டர் உயர அணையில் அக்காட்சி எடுக்கப்பட்டது. அணைக்கு அவர் எவ்வாறு வந்துசேர்ந்தார் என்பதைப் படம் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் அதற்கில்லை. விளையாட்டோ அந்தக் கூறப்படாத இடைவெளியிலேயே தொடங்குகிறது. காவற்கோபுரங்கள், சரக்குந்து செல்லும் சுரங்கவழி, பூட்டிய வாயில்கள் ஆகியவற்றைக் கடந்த பின்னரே ஆடுநர் குதிக்கும் மேடையை அடைகிறார். படம் தொடங்கும் இடத்தில் விளையாட்டின் முதற்கட்டம் முடிகிறது. மூலம் சொல்லாது விட்டதை வழிநூல் தன் பொருளாக்கிக்கொள்ளும் இம்முறை, விரித்தலின் செவ்விய வடிவம் எனலாம்.

இவ்விரித்தல் ஒரே அளவினதாகவும் இல்லை. ஆடுநர் தெரிந்துகொள்ளும் மூன்று நிலைகளுக்கு ஏற்ப அது வேறுபடுகிறது. ‘ஏஜென்ட்’ என்னும் எளிய நிலையில் அணைக் கட்டத்தின் இலக்கு குதித்தல் ஒன்றே. ‘சீக்ரெட் ஏஜென்ட்’ நிலையில் அபாய மணிகளைச் செயலிழக்கச் செய்தலும் சேர்கிறது. ‘00 ஏஜென்ட்’ நிலையில் மறைவாக மோடம் பொருத்துதல், தரவுப் படியைக் கைப்பற்றுதல் ஆகியவையும் சேர்ந்து இலக்குகள் நான்காகின்றன. நிலம் அதுவே, நிகழ்வும் அதுவே. ஆயினும் திறன் வளர வளர அந்நிலத்தில் முன்பு பொருளற்றுக் கிடந்த மூலைகள் பொருள் பெறுகின்றன. ஒரே மூலத்திற்குப் பொழிப்புரையும் விரிவுரையும் தனித்தனியே எழுதப்படுவதுபோல, பயில்வோரின் தகுதி நோக்கி ஒரே பனுவல் மூன்று விரிவுகளைத் தன்னுள் கொண்டுள்ளது.

4. முதற்பொருள் முதன்மை பெறுதல்

முதல், கரு, உரி ஆகிய மூன்றும் செய்யுளில் பயிலுங்கால், முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறப்புடையன என்பது தொல்காப்பியம் காட்டும் முறை. நிலமும் பொழுதும் உணர்வுக்குக் களனாக அமைந்து, உணர்வே பாட்டின் உயிராகிறது. படத்திலும் இம்முறையே காணப்படுகிறது. அணையும் ஆலையும் பனிவெளியும் நட்பு, வஞ்சம், பழி என்னும் உணர்வுகளுக்குக் களங்களாக வந்து மறைகின்றன.

விளையாட்டில் இவ்வரிசை தலைகீழாகிறது. கட்டங்களின் பெயர்களே இதனைப் புலப்படுத்தும்: அணை, ஆலை, ஓடுபாதை, பனிவெளி, பதுங்கறை, போர்க்கப்பல், சிலைப் பூங்கா, ஆவணக் காப்பகம், தெருக்கள், தொடர்வண்டி, காடு, குகைகள். நிகழ்ச்சியாலோ உணர்வாலோ பெயர் பெற்ற கட்டம் ஒன்றும் இல்லை. கதை இங்கு இடங்களின் நிரலாகிறது. ஆடுநர் நினைவில் நிறுத்துவதும் இடத்தையே. எந்தக் கதவுக்குப் பின் எத்தனை காவலர், எந்த மாடம் மறைவு தரும், எந்த வழி குறுக்கு வழி என்பனவே அவர் பெறும் அறிவு.

இம்மாற்றத்திற்குச் செய்முறைக் காரணமும் உண்டு. முன்பு விமான இயந்திரத் தொழிற்சாலையாக இருந்த லீவ்ஸ்டன் வளாகத்தில் படப்பிடிப்பு அரங்குகள் அமைக்கப்பட்டிருந்தன. ரேர் குழுவினர் அங்குச் சென்று ஒளிப்படங்கள் எடுத்தும் வரைபடங்களைப் பெற்றும் இடங்களை உருவாக்கினர். படக்கருவி தான் நோக்கும் திசையை மட்டுமே காட்டும். அரங்கில் அதன் முதுகுப்புறம் இருப்பதைப் பார்வையாளர் அறியார். விளையாட்டில் ஆடுநர் எப்பக்கமும் திரும்புவார்; ஆதலின் அறை முழுவதும் கட்டப்பட்டாக வேண்டும். மேலும், ஆடுநர் எங்கே தொடங்குவார், எங்கே வெளியேறுவார் என்று பல வேளைகளில் முடிவு செய்யாமலேயே முதலில் இடங்கள் கட்டப்பட்டன. எதிரிகளும் இலக்குகளும் பின்னரே அவற்றில் வைக்கப்பட்டன என்று ஹாலிஸ் பிற்காலத்தில் விளக்கியுள்ளார்.

இதன் பயனாகப் பணிக்கு ஒரு தொடர்பும் இல்லாத அறைகள் விளையாட்டில் இடம்பெற்றன. அணைக் கட்டத்தில் நீருக்கு அப்பால் ஒரு தீவுக் கட்டடம் தெரிகிறது. அங்குச் செல்ல வழியில்லை. செம்மையான வடிவமைப்பு தேவையற்றதை நீக்கும் என்பது பொது விதி. ஆயின் தேவையற்றவை நீங்காமையால்தான், இது தனக்காக அமைக்கப்பட்ட பாதையன்று, தான் வருவதற்கு முன்பே இருந்த ஓர் உலகம் என்னும் உணர்வை ஆடுநர் பெறுகிறார். நிலம் முதற்பொருள் எனப்படுவதன் ஆழம் இங்குப் புலனாகிறது. நிகழ்ச்சிக்கு முன்பே நிலம் இருக்கிறது; நிகழ்ச்சி அதனுள் வந்து சேர்கிறது.

இறுதிக் கட்டமாகிய ‘தொட்டில்’ இதற்கு மற்றொரு சான்று. படத்தின் உச்சக்காட்சி புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியைக் களனாகக் கொண்டது. தொலைநோக்கியின் மேற்றொங்கும் மேடையில் பாண்டும் ட்ரெவல்யனும் மோதுவது படத்தில் உரிப்பொருளின் உச்சம். விளையாட்டில் அம்மேடையின் படிகளையும் ஒடுங்கிய நடைவழிகளையும் அறிந்தவரே வெல்வார். பழியுணர்வின் இடத்தை இடவறிவு பெறுகிறது.

5. படர்க்கை தன்மையாதல்

திரைப்படப் பாண்ட் படர்க்கையில் நிற்பவர். அவரை நாம் காண்கிறோம். விளையாட்டில் பாண்டின் கையும் அது ஏந்திய கருவியும் மட்டுமே தெரிகின்றன. ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் படக்கருவி வெளியிலிருந்து இடத்தைக் காட்டி, சுழன்று வந்து, பாண்டின் தலைக்குள் புகுகிறது. அக்கணத்தில் படர்க்கை தன்மையாகிறது. அணையிலிருந்து குதிக்கும்போது மீண்டும் வெளியிலிருந்து அவரைக் காண்கிறோம். தன்மை படர்க்கைக்கு மீள்கிறது. படத்தில் பாண்டின் கைக்கடிகாரம் வியப்புக்குரிய கருவி. விளையாட்டிலோ இலக்குகளையும் கருவிகளையும் காணும் பட்டியலே அக்கடிகாரமாகிறது. ஆடுநர் தம் மணிக்கட்டைத் தாமே நோக்குகிறார்.

இவ்விட மாற்றம் கதையையும் மாற்றியது. படத்தில் செவெர்னயா பதுங்கறையின் அழிவை நேரிற் காண்பவள் நிரலாளர் நடால்யா. பாண்ட் அப்போது அங்கில்லை, இலண்டனிலிருந்து செயற்கைக்கோள் படத்தில் பார்க்கிறார். தன்மையில் நிகழும் விளையாட்டுக்கு ‘அவர் அங்கில்லை’ என்று சொல்ல இயலாது. எனவே விளையாட்டுப் பாண்ட் இருமுறை செவெர்னயா செல்கிறார். இரண்டாம் முறை சிறைப்பட்டு, நடால்யாவோடு தப்புகிறார். ஒப்புமை அளவுகோலின்படி இது பிழை. கூற்று மாறும்போது கூற்றுக்குரிய பொருளும் மாறவேண்டும் என்னும் இலக்கண நோக்கின்படி இது விதி. தலைவி கூற்றாகப் பாடப்பட்ட நிகழ்ச்சியைத் தலைவன் கூற்றாக்கும் புலவன், அவன் அறியக்கூடிய பொருளையே பாடுவான் அல்லனோ?

அதே வேளையில் இதில் ஓர் இழப்பும் உண்டு. படத்தில் தன் கண்ணாலும் தன் அறிவாலும் கதையை நகர்த்திய நடால்யா, விளையாட்டில் காக்கப்படவேண்டிய பொருளாகக் குறுகுகிறாள். கட்டுப்பாட்டறையில் அவள் கணினியை இயக்கும்வரை ஆடுநர் காவல் நிற்கிறார். அவள் இறந்தால் பணி தோற்கிறது. துப்பாக்கிக் குறிக்குக் குறுக்கே அவள் ஓடிவருவது ஆடுநர்க்கு எரிச்சலாகவே படுகிறது. தன்மையைப் பாண்டுக்கு மட்டும் அளித்ததன் விலை இது. வழிநூலைப் போற்றுவோர் இவ்விலையை மறைத்தல் ஆகாது.

தன்மையின் இரண்டாம் விளைவு அறஞ்சார்ந்தது. படத்தில் பாண்ட் கொல்வதைப் பார்க்கிறோம். விளையாட்டில் ஆடுநரே சுடுகிறார். செகாவின் ‘வெர்ச்சுவா காப்’ விளையாட்டின் தாக்கத்தால், குண்டு படும் உறுப்புக்கு ஏற்ப எதிரியின் உடல் வெவ்வேறாகத் துடிக்குமாறு இதில் அமைக்கப்பட்டது. ஆலைக் கட்டத்தில் அறிவியலாளர்களைச் சுடுவது தவறு என்னும் இலக்கு வைக்கப்பட்டது. உரத்த துப்பாக்கியொலி காவலர்களை வரவழைக்கும். கட்டுப்பாடின்றிச் சுடுவோர் தண்டிக்கப்படுகின்றனர்.

நின்டெண்டோவின் மூத்த வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ இவ்விளையாட்டில் அருகிலிருந்து கொல்லுதல் மிகுதி என்று கருதினார் என்றும், முடிவில் சுடப்பட்ட எதிரிகளை எல்லாம் மருத்துவமனையில் கண்டு ஆடுநர் கைகுலுக்கலாம் என்று கூறினார் என்றும் ஹாலிஸ் 2015-இல் ஓர் உரையில் தெரிவித்தார். அக்காட்சி சேர்க்கப்படவில்லை. அதற்கு மாறாக, பாத்திரங்கள் அனைவரையும் நடிகர்களைப்போல் ஒவ்வொருவராக அறிமுகம் செய்யும் வரிசை அமைக்கப்பட்டது. நடந்தது புனைவே என்பதை அது உணர்த்துகிறது. நகைப்புக்குரியதாகத் தோன்றும் மியாமோட்டோவின் கருத்து உண்மையில் கூரிய திறனாய்வு. படர்க்கையில் ஏற்கத்தக்க செயல் தன்மையில் வேறு எடை பெறுகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். மூலத்தில் உள்ள ஒரு செயலை மாறாமல் எடுத்தாண்டாலும், இடம் மாறியவுடன் அதன் அறப்பொருள் மாறிவிடும். ஒப்புமை அளவுகோலால் காண இயலாத மாற்றம் இது.

6. வழியும் சார்பும்

முதல்நூலின் முடிபோடு பெரிதும் ஒத்துச் சில வேறுபாடுகள் கொள்வது வழிநூல். சிறுபான்மை ஒத்து ஏனையவற்றில் வேறுபட்டு நிற்பது சார்புநூல் என நன்னூல் வழி அறிகிறோம். ‘கோல்டன்ஐ 007’ இவ்விரண்டையும் ஒரே கேட்ரிட்ஜில் கொண்டுள்ளது.

பதினெட்டுக் கட்டங்கள் வழிநூல். திரையை நான்காகப் பிரித்து நால்வர் ஒருவரோடொருவர் மோதும் பகுதி சார்புநூல். பின்னதற்குப் படத்தில் மூலம் இல்லை. திட்டத்தின் இறுதிக் காலத்தில், வெளியீட்டுக்கு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்னரே ஸ்டீவ் எல்லிஸ் அதனை உருவாக்கினார். அதில் ஆட்ஜாப், ஜாஸ், மே டே, பாரன் சமெடி முதலிய பழைய பாண்ட் படப் பாத்திரங்கள் ஒருங்கு கூடுகின்றனர். பல நூல்களிலிருந்து எடுத்து ஒன்றாக்கும் இச்செயல் தொகைவிரியின் பாற்படும். மேலதிகக் கட்டங்கள் இரண்டும் அவ்வாறே பழைய படங்களின் கூறுகளைச் சேர்த்தமைத்தவை.

சார்புப் பகுதிக்கு ஆடுநர் குழுக்கள் தாமே விதி வகுத்துக்கொண்டமை குறிப்பிடத்தக்கது. ஆட்ஜாப் உருவம் குட்டையாக அமைந்ததால் அவரைக் குறிவைத்தல் கடினம். ஆகவே அவரைத் தெரிந்துகொள்ளுதல் முறையன்று என்னும் வழக்கம் பல வீடுகளில் நிலைபெற்றது. கருவி தடுக்காததை வழக்கு தடுத்தது. எழுதப்படாத விதி ஆடுவோரிடையே மரபாவதை வாய்மொழி வழக்காறாகக் கொண்டு நாட்டார் வழக்காற்றியலும் ஆராயலாம்.

7. வழிநூலின் நிலைபேறு

மூலமும் வழிநூலும் ஒரே அளவில் பாதுகாக்கப்படுவதில்லை. ‘கோல்டன்ஐ’ திரைப்படம் தொடர்ந்து கிடைத்து வந்தது. விளையாட்டோ, ரேர் நிறுவனம் 2002-இல் மைக்ரோசாஃப்ட் வசமான பின்னர், பல தரப்பினர் உரிமைகளுக்கிடையே சிக்கியது. எக்ஸ்பாக்ஸ் 360 பொறிக்காக உருவாகிய மறுபதிப்பு வெளியிடப்படாமலே கைவிடப்பட்டு, 2021-இல் இணையத்தில் கசிந்தது. மூல விளையாட்டு நின்டெண்டோ ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் பொறிகளில் முறைப்படி மீண்டும் வந்தது 2023 ஜனவரியில்தான். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் பழைய பொறியும் கேட்ரிட்ஜும் வைத்திருந்தோரே அதனை உரிய வடிவில் பயில இயன்றது.

ஏடு பெயர்த்தெழுதப்படாவிடின் நூல் அழியும் என்பதை நன்கறிந்தது தமிழ்ப் பதிப்பு வரலாறு. விளையாட்டுக்கு இவ்விடர் இருமடங்கு. பனுவல் எஞ்சினாலும் அதனை இயக்கும் பொறி எஞ்ச வேண்டும்; இரண்டும் எஞ்சினாலும் நால்வர் ஓரறையில் அமர்ந்து ஆடிய சூழல் எஞ்சாது. 2020 டிசம்பரில் அரெசிபோ தொலைநோக்கி இடிந்து வீழ்ந்தது. அவ்விடத்தின் வடிவம், புனைவாக்கப்பட்ட நிலையிலேனும், ஒருவர் உள்ளே நடந்து பார்க்கத்தக்கதாக இவ்விளையாட்டில் எஞ்சியுள்ளது. வழிநூல் சில வேளைகளில் மூலத்தின் களனுக்கே சான்றாகி நிற்கும் என்பதற்கு இது காட்டு.

8. ஆய்வு முடிவுகள்

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. தழுவலை ஒப்புமையால் மட்டும் அளப்பதைவிட, அது செய்யும் தொழிலால் அளப்பது பொருத்தமுடையது. வழிநூலின் நால்வகைப் பகுப்பு இதற்குத் துணை செய்கிறது.

2. திரைப்படம் விளையாட்டாகும்போது முதல், கரு, உரி ஆகியவற்றின் சிறப்பு வரிசை மாறுகிறது. நிலம் முதன்மை பெறுகிறது. உணர்வுச் சுருக்கம் குறையாக மட்டுமன்றி, இவ்வரிசை மாற்றத்தின் விளைவாகவும் நோக்கத்தக்கது.

3. படர்க்கை தன்மையாகும்போது கதை, பாத்திரம், அறம் ஆகிய மூன்றும் மாறுகின்றன. நடால்யாவின் குறுக்கம் இழப்பு. கொலையின் எடை கூடுதல் புதிய பொறுப்பு.

4. ஒரே படைப்பு வழியாகவும் சார்பாகவும் அமையக்கூடும். எனவே இவ்வகைகளை நூல்களின் வகைகளாக மட்டுமன்றி, ஒரு நூலினுள் அமையும் பகுதிகளின் வகைகளாகவும் கொள்ளலாம். இலக்கணப் பகுப்பு புதிய பொருளைச் சந்திக்கும்போது தானும் விரிவடைகிறது என்பதற்கு இது சான்று.

தமிழ்க் காப்பியங்கள், புதினங்கள், திரைப்படங்கள் ஆகியவற்றின் தழுவல்களை ஆராய்வோர்க்கு இம்முடிவுகள் பயன்படக்கூடும். எதை மாற்றினான் என்னும் குற்றப்பட்டியலோடு நின்றுவிடாமல், யார் கண்ணிலிருந்து சொன்னான், எந்த நிலத்தை முன்னிறுத்தினான், அதற்காக எதனை இழந்தான் என வினவும்போதே வழிநூல் தன் முழு உருவில் புலப்படும்.